பாலைவன வீட்டுக்கு ஓர் அலவாங்கு

காலையில் சமையலறைக்குள் வரும்போது எல்லோரும் வணக்கம் என்பார்கள், அல்லது என்ன குளிரப்பா என்பார்கள். அன்ரி மட்டும் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "எனக்கெண்டால் பயமாக் கிடக்கு பிள்ளை" என்பார். எதற்கென்று கேட்டால் பதில் கையோடு இருக்கும். ரயிலில் எவனோ ஒரு பையை வைத்துவிட்டு இறங்கிப் போனான். மகள் நேற்று போன் எடுக்கவில்லை. காஸ் அடுப்பு நெருப்பு ஒரு மாதிரி நீலமாக எரிகிறது. "நெருப்பு நீலமாத்தான் எரியவேணும் அன்ரி" என்பேன். "இவ்வளவு நீலமோ?" என்று குனிந்து பார்ப்பார்.

பாரிஸில், லா சப்பலில் மெத்ரோ ரயில் தலைக்கு மேலால் ஓடும். அதற்குப் பக்கத்துத் தெருவில்தான் நாங்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடை. நான் முன் மேசையிலும் பின் சமையலிலுமாக இரண்டு பக்கமும் ஓடுகிறவள். ரயில் போகும்போதெல்லாம் சமையல் மேசையில் கரண்டிகள் மெல்லக் கிணுகிணுக்கும். எங்களுக்கு அது காதில் விழுவதேயில்லை. அன்ரி மட்டும் ஒவ்வொரு முறையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை மேசையில் பதித்துப் பார்ப்பார். ரயில் போய் முடிந்த பிறகுதான் திரும்ப வெங்காயம். "உப்பிடி வெட்டினால் மத்தியானச் சாப்பாடு பின்னேரந்தான் வரும்" என்று நான் கத்தாத நாளில்லை.

அன்ரி என்றுதான் கடையில் எல்லோரும் கூப்பிட்டோம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அரபு நாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு, பிறகு எப்படியோ பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருவரைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட்டால் அவரிடம் வேறு என்ன கேட்க இருக்கிறது?

கடைக்குக் கீழே காவ் என்று சொல்கிற நிலவறை ஒன்று. அரிசி மூட்டை, எண்ணெய் ரின் எல்லாம் அங்கேதான். அன்ரி ஒருநாளும் அதற்குள் இறங்கியதில்லை.

"கதவு சாத்துப்பட்டால் என்ன செய்யிறது?"

"திறந்துகொண்டு வாறது."

"திறபடாமல் இறுகினால்?"

"கத்துங்கோ. நாங்கள் வருவம்தானே."

"வருவியள். வந்து வெளியிலை நிண்டு, அன்ரி பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லுவியள்" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பிறகு நானே இறங்கி அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று மட்டுமில்லை, எப்போதும் நான்தான்.

அன்ரி பாரிசுக்கு வெளியே சார்செலில் உயரமான மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தார். லிப்டில் ஏறமாட்டார். சாமான் பைகளோடு ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறுவார். ஒருநாள் நான் கையைப் பிடித்து லிப்டுக்குள் இழுத்தேன், விளையாட்டுக்குத்தான். அவர் கத்தவில்லை, திமிறவில்லை. முகம் அப்படியே சாம்பல் பூத்துப்போனது. மேலே போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நான் விளையாடவில்லை.

எங்கள் பத்ரோன், அதாவது கடை முதலாளி, ஆர்ஜொந்தெயில் வீடு வாங்கிக் குடிபூரலுக்கு எல்லோரையும் கூப்பிட்டார். பால் காய்ச்சி, பலகாரம் பரப்பி, வீடு நிறையச் சனம். எல்லோரும் சமையலறையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, அன்ரி அறை அறையாகப் போய் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. நேரே கூடத்துக்கு வந்து, அத்தனை பேருக்கும் முன்னால், "தம்பி, உந்த வீட்டிலை படுக்க எனக்கெண்டால் பயமாக் கிடக்கு" என்றார். பத்ரோனின் மனைவி முகம் கறுத்துவிட்டது. பார்த்தால் புதுப் பெயின்ற் காயாமல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வீடு இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

அவர் பயந்ததில் அனேகமாக எதுவுமே நடந்ததில்லை. அதை நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "நடக்காட்டி நல்லம்தானே பிள்ளை" என்பார். இப்படி ஒருவரோடு என்ன வாதாடுவது?

இந்தப் பயம் என் வீட்டுக்குள் வந்தது தங்கச்சியின் வீட்டு அலுவலோடு. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. அமெரிக்காவில், அரிசோனா என்கிற பாலைவனப் பக்கம் இருக்கிறாள். கணவன் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர், புறப்பட்டால் பல நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். இரண்டு சின்னப் பிள்ளைகள். பட்டணத்துக்கு வெளியே ஒரு வெறுங்காணி வாங்கி, தொழிற்சாலையில் செய்த வீடு ஒன்றுக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டை இரண்டு பாதியாகச் செய்து, லொறியில் கொண்டுவந்து, காணியில் வைத்துப் பொருத்திவிடுவார்களாம். "லொறியிலை வாற வீடு லொறியிலையே திரும்பிப் போயிடாதோ?" என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் அக்கா அத்திவாரம். என்ன அத்திவாரம் போடுறதெண்டு நாங்கள் சொல்லவேணுமாம்" என்றாள்.

போனை எண்ணெய் ரின்னில் சாய்த்து வைத்து, சமையலறையில் எல்லோருமாக அவள் காணியைப் பார்த்தோம். சிவந்த தரை, அங்கங்கே கள்ளி. வேலி இல்லை, மரம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வீட்டுக் கூரை தெரியவில்லை. இந்த வெளியில் என் தங்கச்சி பிள்ளைகளோடு தனியே படுக்கப் போகிறாளா?

விற்கிறவர்கள் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். குழி தோண்டிக் கொங்கிறீற் போட்டு, அதன்மேல் கல் அடுக்கி வீட்டைத் தூக்கி வைத்து, காற்றுக்கு அசையாமல் வார் போட்டு நிலத்தோடு இழுத்துக் கட்டுவது ஒன்று. முழுக்கத் தளம் போட்டு அதன்மேல் வைப்பது இன்னொன்று. எங்கள் ஊரைப் போலச் சுற்றிவரச் சுவர் எழுப்புவது மற்றது.

மத்தியானம் சாப்பிட வருகிற தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இங்கே கட்டட எஞ்சினியர். அவரைப் பிடித்துக் கேட்டேன். "அக்கா, மொதல்ல மண்ணை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நாலு மூலையிலயும். அந்த மாதிரி மண்ணு சில இடத்துல காஞ்சிருக்கிற வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும், தண்ணி எறங்கினா அமுங்கிடும். எந்த ஃபவுண்டேஷன்னு அப்புறமா முடிவு பண்ணிக்கலாம். எதைப் போட்டாலும் வீட்டோரமா மட்டும் தண்ணி விடவே கூடாது" என்றார். சாப்பாடு ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் பொறுமையாகச் சொன்னார். நான் வரிக்கு வரி தங்கச்சிக்குச் சொன்னேன்.

அவள் கணவன் சிரித்தார். "மச்சாள், முன் மூலையிலை நானே தோண்டிப் பார்த்திட்டன். அலவாங்கு போட்டன், டங் எண்டுது. எங்கடை ஊர்ச் சுண்ணாம்புக்கல்லு மாதிரித்தான். கல்லுக் கண்டாப் பிறகு என்ன சோதினை?"

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்த ஒரு சத்தம் போதும். ஊரில் அத்திவாரம் வெட்டும்போது, மண்ணில் குத்துகிற கனத்த இரும்புக் கம்பியான அலவாங்கு கல்லில் முட்டி மணி மாதிரி ஒலித்தால், எல்லோர் முகத்திலும் சிரிப்பு வந்துவிடும், தேநீர் வந்துவிடும். அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்கும் அன்று நெஞ்சு ஆறியது. கல்லுக் கண்டாச்சாம் என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒரு மூலையில் கேட்ட சத்தத்தை நம்பி, கல் அடுக்குகிற முறையையே எடுத்தார்கள்.

அன்ரி அத்திவாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனுக்குக் கிட்ட வந்து, "கதவு எத்தினை பிள்ளை?" என்றார்.

"ரெண்டு, அன்ரி. முன்னுக்கொண்டு, குசினிக்கொண்டு."

"எனக்குப் பயமாக் கிடக்கு. உந்த அலவாங்கை வெளியிலை போடாதை. வீட்டுக்குள்ளை வை. படுக்கிற அறையிலை வை."

"இஞ்சை கள்ளர் இல்லை அன்ரி" என்று தங்கச்சி சிரித்தாள்.

"கள்ளருக்கில்லை. கதவுக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனைப் பறித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். தனியே இருக்கப் போகிற பெட்டையிடம் சொல்கிற கதையா இது? திரும்பி வந்து, "உங்கடை பயத்தை உங்களோடை வைச்சிருங்கோ" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெங்காயத்துக்குப் போனார். ஆனால் அன்று தொடங்கி எனக்கும் தொற்றிவிட்டது. காலையில் கண் முழித்ததும் போனில் பாரிஸ் வானிலையைப் பார்க்கமாட்டேன், அரிசோனாவின் காற்றைத்தான் பார்ப்பேன். கோதாரி, எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் அன்ரி என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

தங்கச்சி அன்ரி சொன்னபடி அலவாங்கைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவைத்தாள், பாவம் அந்த அன்ரியின் மனம் ஆறட்டும் என்று. அப்படியிருந்தும் நான் அவளோடு கதைக்கும் போதெல்லாம் பின்னால் இருந்து குரல் வரும்: "அலவாங்கு எங்கையாம்?"

வீடு வந்தது. பால் காய்ச்சினார்கள். அடுத்த மாதமே தங்கச்சி குசினி என்கிற சமையலறையின் சுவரோரம் வாழை, முருங்கை, கறிவேப்பிலை என்று நட்டுவிட்டாள். வாழைக்குட்டிக்கு எங்கெங்கோ ஓடித் திரிந்திருக்கிறாள். குசினித் தண்ணீரைக் குழாய் போட்டு நேரே வாழையடிக்கு விட்டிருந்தாள். எங்கள் ஆட்களுக்குக் குசினித் தண்ணீர் வீணாகப் போனால் நித்திரை வராது, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குத்தான். வெயில் எரிக்கிற ஊர் என்று பின்னேரங்களில் மேலதிகமாகவும் குழாயைத் திறந்துவிட்டாள். "பாலைவனத்திலை வாழை அக்கா" என்று வீடியோ காட்டியபோது சமையலறையே கைதட்டியது. அன்ரிகூட எட்டிப் பார்த்து, "நல்ல செழிப்பு" என்றார். எல்லாவற்றுக்கும் பயந்த மனுஷி அதற்கு மட்டும் பயப்படவில்லை. எஞ்சினியர்த் தம்பி சொன்னது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள் தங்கச்சி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், பிள்ளைகள் மாபிள் குண்டு விளையாடுகிறார்களாம், உருட்டிவிடாமலே அது குசினிப் பக்கம் தானாக ஓடுகிறதாம். பிள்ளைகளுக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்கிறார்களாம். குசினிக் கதவும் கொஞ்சம் இறுக்குகிறதாம், கணவன் வந்தால் பார்ப்பாராம். அன்ரி பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவர் காதில் அது விழவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கோடையில் ஒரு காலை. நாங்கள் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தோம். தங்கச்சிக்கு அது பிள்ளைகளைப் படுக்கவைக்கிற நேரம். போன் வந்தது. முதலில் காற்றும் மழையும் அடிக்கிற சத்தம்தான் கேட்டது, அதற்குப் பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம்.

"அக்கா, வீடு சரிஞ்சிட்டுது. குசினிப் பக்கம் கீழை போயிட்டுது. ரெண்டு கதவும் திறபடுதில்லை."

அவசர நம்பருக்கு அடித்துவிட்டாளாம். வருகிற பாதையில் வெள்ளம் குறுக்கே ஓடுகிறது, சுணங்கும் என்றார்களாம். கணவன் எங்கேயோ வேறு மாநிலத்து ரோட்டில். "பயப்பிடாதை, பயப்பிடாதை" என்றேன். அதைவிட வேறு ஒரு சொல் எனக்கு வரவில்லை. ரொட்டி போடுகிற அண்ணையும் போனுக்குக் கிட்ட வந்து, "தங்கச்சி பயப்பிடாதேங்கோ, ஒண்டும் நடக்காது" என்றார். பத்ரோனும் அதையேதான் சொன்னார். அங்கே என்னவோ படார் என்று முறிந்தது. தங்கச்சி பேச்சே இல்லாமல் அழுதாள்.

அன்ரி கையைத் துடைத்துவிட்டு வந்து என்னிடம் போனை வாங்கினார். இதோ இவர் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் இரண்டு கையாலும் போனைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பிள்ளை, நான் அன்ரி."

"அன்ரி, எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஓம். எனக்கும் பயமாக் கிடக்கு. பயந்துகொண்டே எழும்பு. அலவாங்கு எங்கை?"

"கட்டிலுக்குக் கீழை."

"எடு. கதவோடை மினக்கெடாதை. உயர்ந்து நிக்கிற பக்கத்திலை யன்னல் இருக்கோ?"

"படுக்கிற அறை யன்னல். அதுவும் இறுகிட்டுது."

"உடை."

"அன்ரி, புது யன்னல்."

"உடை எண்டு சொல்லுறன். பிள்ளையளைத் தள்ளி நிக்கவிட்டு உடை."

கண்ணாடி நொறுங்குகிற சத்தம் லா சப்பல் வரைக்கும் கேட்டது. "விளிம்பிலை நிக்கிற கண்ணாடியை அலவாங்காலை தட்டு. போர்வையை மடிச்சுப் போடு. மெத்தையை வெளியிலை தள்ளு. பிள்ளையளைக் கையிலை பிடிச்சு இறக்கு, பேந்து நீ. பதிஞ்ச பக்கம் போகாதை, காருக்குள்ளை போ." ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில், "ஓம், பயமாத்தான் இருக்கும். ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் போன் அறுந்துவிட்டது.

திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். தலைக்கு மேலால் மெத்ரோ போனது, கரண்டிகள் கிணுகிணுத்தன. அன்ரி உள்ளங்கையை மேசையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் பேசத் தொடங்கினார்.

"அரபுக்காரர் குளிர்காலத்திலை வனாந்தரத்திலை போய்க் கூடாரமடிச்சு இருப்பினம். வேலைக்காரர் எங்களுக்குக் கல்லுக்கு மேலை வைச்ச ஒரு தகர அறை. ஒருநாள் காத்துக்கு அது கல்லாலை வழுக்கிக் கதவு இறுகிட்டுது. என்னோடை மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு. டிறைவர் வெளியிலை நிண்டு, பயப்பிடாதேங்கோ, விடியட்டும், திறப்பம் எண்டான். நல்ல மனுசன்தான். அவள் அதைக் கேட்டுப்போட்டுப் படுத்திட்டாள். எனக்கெண்டால் பயம் விடேல்லை. சின்ன யன்னல், உடம்பெல்லாம் கிழிய நுழைஞ்சு வெளியிலை விழுந்தன். அடுத்த காத்துக்கு அறை உருண்டிட்டுது."

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பில் எதுவோ அடிப்பிடித்து மணத்தது, அதைக்கூட யாரும் போய் இறக்கவில்லை.

போன் அடித்தது. "காருக்குள்ளை இருக்கிறம் அக்கா" என்றாள் தங்கச்சி. "மூண்டு பேரும். என்ரை கை வெட்டிப்போட்டுது, பரவாயில்லை. அன்ரியிட்டைச் சொல்லுங்கோ." போனை அன்ரியின் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு வெங்காய மூட்டையில் உட்கார்ந்தவர், மேசைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்குப் பயமாக் கிடக்கு, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அழுதார். அந்தக் கடையில் அன்றுதான் முதல் தடவையாக அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

முன் மூலையில் கல் இருந்தது உண்மைதான். குசினி மூலையில் அது எட்டாத ஆழத்தில் கிடந்திருக்கிறது. வாழைக்கு விட்ட தண்ணீர் அந்தக் காய்ந்த மண்ணை நாளுக்கு நாள் கரைத்து இறக்கியிருக்கிறது, காற்றும் மழையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. பிறகு வீட்டைத் தூக்கி, நாலு மூலையும் முறையாகச் சோதித்து, கல் கண்ட ஆழம்வரை அத்திவாரத்தை இறக்கிப் போட்டார்கள். வாழை இப்போது காணியின் அந்தத் தொங்கலில், வீட்டை விட்டு எட்டத்தில் நிற்கிறது. எஞ்சினியர்த் தம்பியிடமும் இதைச் சொன்னேன். அன்று சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அன்ரி அடுத்த வருடம் மகளோடு இருக்கவென்று தெற்கே ஒரு ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் எடுப்பார். அங்கே அவருக்குப் பயப்படக் கடல் இருக்கிறதாம்.

அரிசோனாவில் காற்று எழும்புகிற நாட்களில் தங்கச்சி எனக்குப் போன் அடிப்பாள். புது அத்திவாரம், நல்ல அத்திவாரம், எல்லாம் சரி. இருந்தும் அவள் குரல் ஒடுங்கிப்போய் இருக்கும். "அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்பாள். பயப்பிடாதை என்கிற சொல் நாக்கு நுனிவரைக்கும் வரும், அதை விழுங்கிவிடுவேன்.

"எனக்கும்தான்" என்பேன். "அலவாங்கு எங்கை?"